சினைப்பைப் புற்றுநோய் அறுவையும் மருத்துவப் படங்களும்

முன்னுரை

வீடு கட்டுவோர் மனையை அளந்து, வரைபடம் தீட்டிய பின்னரே கடைக்கால் தோண்டுகின்றனர். மனித உடலைத் திறக்க முனைந்த அறுவை மருத்துவர்களுக்கோ நெடுங்காலம் அத்தகைய வரைபடம் வாய்க்கவில்லை. நோயாளி கூறிய குறிகளைக் கேட்டும், வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தும் ஒருவாறு ஊகித்துக்கொண்டு, திறந்த பின்னரே உள்ளிருப்பது இன்னதென அறிந்தனர். 1895-ஆம் ஆண்டு செருமானிய இயற்பியல் அறிஞர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் ஊடுகதிர்களைக் கண்டறிந்ததுமுதல் இந்நிலை மாறத் தொடங்கிற்று. கேளா ஒலியும், கணினியும், காந்தப்புலமும் அடுத்தடுத்து மருத்துவத்துக்குத் துணைவந்தன.

நோய் உண்டா, இல்லையா என அறிவதற்கே படம் எடுக்கப்படுகிறது என்பது பலரது எண்ணம். சினைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் அஃது உண்மையின் ஒரு கூறே ஆகும். கத்தியை எடுக்கலாமா, எப்போது எடுப்பது, எங்கே, எவர் எடுப்பது, எவ்வளவு தூரம் செல்வது ஆகிய வினாக்களுக்கு விடை தேடவே இங்குப் படங்கள் பெரிதும் பயன்படுகின்றன. அவ்விடை தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் அறுவை மேசையில் மயக்கத்தில் இருக்கும் பெண்ணே ஆவார். ஆதலின் அப்படங்கள் எவற்றைக் காட்டும், எவற்றைக் காட்டா என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

நோயின் போக்கு

கருப்பையின் இருமருங்கிலும் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்த இரு சிறு உறுப்புகளே சினைப்பைகள். பாடநூல்கள் இவற்றை அண்டகம் எனவும் குறிக்கும். இவற்றையொட்டி விரல்கள் போன்ற நுனியுடன் கருக்குழாய்கள் அமைந்துள்ளன. சினைப்பைப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் கடுமையான 'சீரஸ்' வகை, பல பெண்களிடம் கருக்குழாயின் அந்நுனியிலேயே தோன்றுகிறது என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும்.

இந்நோய் பரவும் முறை தனித்தன்மை உடையது. பிற புற்றுநோய்கள் பலவும் குருதி வழியாகவோ நிணநீர் வழியாகவோ தொலைவுக்குச் செல்கின்றன. இதுவோ பெரும்பாலும் வயிற்றறைக்குள்ளேயே விதை தூவினாற்போல் உதிர்கிறது. வயிற்றுக்குள் இயல்பாகவே சிறிதளவு நீர் சுழன்றுகொண்டிருக்கிறது. உதிர்ந்த உயிரணுக்கள் அந்நீருடன் கலந்து, வலப்புறப் பெருங்குடலை ஒட்டி மேலேறி, கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில் படிகின்றன. குடலின் மேற்பரப்பிலும், குடலைத் தாங்கும் மடிப்புகளிலும், குடலின் முன்னே திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலத்திலும் வேர்கொள்கின்றன. நாளடைவில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது.

நோய் சினைப்பையில் மட்டும் நின்றால் முதல் நிலை. இடுப்புக்குழிக்குள் பரவினால் இரண்டாம் நிலை. அதனைத் தாண்டி வயிற்றறையிலோ, முதுகையொட்டிய நிணநீர் முடிச்சுகளிலோ பரவினால் மூன்றாம் நிலை. நுரையீரல் உறையிலும், கல்லீரலின் உட்பகுதியிலும், பிற தொலைவுறுப்புகளிலும் காணப்பட்டால் நான்காம் நிலை. பெரும்பாலான பெண்கள் மூன்றாம், நான்காம் நிலைகளிலேயே மருத்துவரை அடைகின்றனர். வயிறு உப்புதல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவையே இதன் குறிகள். இவை வாயுத்தொல்லை எனவும், வயதின் விளைவு எனவும் எளிதில் புறந்தள்ளப்படுகின்றன. வீட்டாரிடம் கூறக் கூசி, மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் பெண்களும் உளர்.

நலமாக இருப்போர் அனைவருக்கும் ஆண்டுதோறும் படம் எடுத்து நோயை முன்னரே பிடித்துவிடலாகாதா என்னும் வினா இங்கு எழுவது இயல்பே. இங்கிலாந்தில் 2001 முதல் 2005 வரை 2,02,638 பெண்களைச் சேர்த்து இவ்வினா ஆராயப்பட்டது. குருதிச் சோதனையாலும் ஸ்கேனாலும் ஆண்டுதோறும் தேடியும் இந்நோயால் நேரும் இறப்புகள் குறையவில்லை என 2021-இல் வெளியான இறுதி முடிவுகள் தெரிவித்தன. எனவே குறிகள் தோன்றிய பின்னர்க் காலந்தாழ்த்தாமையும், நோய் கண்ட பின்னர்ச் செவ்வனே திட்டமிடுதலுமே இன்று நம் கைவசம் உள்ள வழிகள்.

எஞ்சுவதே கணக்கு

ஓர் உறுப்பை அகற்றினால் போதும் என்பது பல அறுவைகளின் இலக்கு. சினைப்பைப் புற்றுநோயில் இலக்கு வேறு. கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் வயிற்றில் எஞ்சாதவாறு நீக்குவதே இங்குக் குறிக்கோள். அமெரிக்க மருத்துவர் ஜோ மெய்க்ஸ் 1934-இலேயே இயன்றவரை கட்டியைக் குறைப்பது நன்று எனக் கூறினார். எனினும் 1975-இல் தாமஸ் கிரிஃபித்ஸ் வெளியிட்ட ஆய்வே, எஞ்சும் கட்டியின் அளவு சிறிதாகச் சிறிதாக நோயாளியின் வாழ்நாள் நீளுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டிற்று. 2002-இல் ராபர்ட் பிரிஸ்டோ குழுவினர் 6,885 நோயாளிகள் பற்றிய தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்து அதே முடிவை வலியுறுத்தினர்.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மார்பெலும்பின் கீழிருந்து அடிவயிறுவரை திறந்து, பல மணிநேரம் நிகழும் பேரறுவை இது. இறுதியில் பெரும் கட்டிகள் எஞ்சிவிட்டால், நோயாளிக்கு வலியும் குருதியிழப்பும் உண்டு. உரிய பயனோ இல்லை. காயம் ஆறும்வரை மருந்துச் சிகிச்சையும் தள்ளிப்போகிறது. திறந்து பார்த்து மூடிவிடும் அறுவையைத் தவிர்ப்பதே திட்டமிடுதலின் முதற் பயன் எனலாம்.

ஆலையிலிருந்து மருத்துவமனைக்கு

இத்துறையில் படக்கருவி நுழைந்த வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் பணியாற்றி ராடார் நுட்பத்தை அறிந்தவர். உலோகத்துக்குள் இருக்கும் விரிசலைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் கேளா ஒலிக் கருவிகள் பயன்படுவதை அவர் கேள்வியுற்றார். 1955-ஆம் ஆண்டு சூலையில், அறுவையின்போது அகற்றப்பட்ட கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் கொதிகலன் செய்யும் ஓர் ஆலைக்குச் சென்றார். அங்கிருந்த கருவியில் திண்மக் கட்டிக்கும் நீர்க்கட்டிக்கும் எதிரொலி வேறுபடுவதைக் கண்டு மகிழ்ந்தார்.

பின்னர்ப் பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விக்கர் ஆகியோருடன் இணைந்து அவர் கருவியைச் செம்மைப்படுத்தினார். அக்காலத்தில், இரைப்பைப் புற்றுநோய் முற்றி வயிற்றில் நீர் கோத்துவிட்டது எனக் கருதிக் கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணை அவர்கள் சோதித்தனர். எதிரொலிகளோ அது கோத்த நீரன்று, மிகப்பெரிய நீர்க்கட்டி எனக் காட்டின. அறுவையில் சினைப்பையிலிருந்து எழுந்த அக்கட்டி அகற்றப்பட்டது, அப்பெண் பிழைத்தார். 1958 சூன் மாதம் 'லான்செட்' இதழில் வெளியான அவர்தம் கட்டுரை இத்துறையின் தொடக்கநூல் போன்றது. கேளா ஒலி தொடக்கக் காலத்தில் ஈட்டிய பெருவெற்றி, சினைப்பைக் கட்டி ஒன்றுக்கு அறுவை செய்யலாம் என்று துணிவித்ததே என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

முதல் வினா: கட்டி எத்தகையது?

சினைப்பையில் கட்டி என்றவுடன் புற்றுநோய் எனக் கலங்க வேண்டுவதில்லை. மாதவிடாய்க் காலத்துப் பெண்களிடம் காணப்படும் நீர்க்கட்டிகளுள் மிகப் பல தீங்கற்றவை; சில தாமே மறைபவை. இவ்வேறுபாட்டை அறிய முதலில் கைகொடுப்பது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். கதிர்வீச்சு இன்மையும் குறைந்த செலவும் இதன் சிறப்புகள். வயிற்றின் மேலிருந்து பார்ப்பதைவிடப் பிறப்புறுப்பின் வழியாகச் சிறு கருவியைச் செலுத்திப் பார்ப்பது தெளிவான படத்தைத் தரும். இதற்குக் கூச்சப்படுவோர் பெண் மருத்துவரை வேண்டிப் பெறலாம். கூச்சத்தால் சோதனையையே தவிர்ப்பது நன்றன்று.

1999-இல் பெல்ஜியம் நாட்டு லூவன் நகரின் டிர்க் டிம்மர்மன் முதலானோர் தொடங்கிய 'ஐயோட்டா' என்னும் பன்னாட்டுக் குழு, 2008-இல் எளிய விதிகள் பத்தினை வகுத்தது. ஒரே அறையுடைய நீர்ப்பை, குருதியோட்டம் காணப்படாமை, 10 செ.மீ.க்குக் குறைவான வழவழப்பான பல அறைக் கட்டி முதலிய ஐந்தும் நற்குறிகள். ஒழுங்கற்ற திண்மக் கட்டி, வயிற்றில் நீர், உட்சுவரில் நான்கோ அதற்கு மேலோ முளைகள், மிகுந்த குருதியோட்டம் முதலிய ஐந்தும் தீக்குறிகள். நற்குறி மட்டும் இருப்பின் தீங்கற்றது. தீக்குறி மட்டும் இருப்பின் ஐயத்துக்குரியது. இரண்டும் கலந்தோ, இரண்டும் இன்றியோ இருப்பின் கைதேர்ந்தவர் பார்த்தல் வேண்டும்.

1990-இல் இயன் ஜேக்கப்ஸ் குழுவினர் வகுத்த இடர்க் குறியீடு எளிய பெருக்கலால் அமைந்தது. அல்ட்ராசவுண்டு மதிப்பெண்ணையும், மாதவிடாய் நிலைக்குரிய மதிப்பெண்ணையும், குருதியில் உள்ள சி.ஏ. 125 என்னும் புரதத்தின் அளவையும் பெருக்குதலே அது. சி.ஏ. 125 பொதுவாக 35-க்குள் இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற ஒருவருக்கு ஸ்கேனில் பல தீக்குறிகள் தோன்ற, சி.ஏ. 125 அளவு 60 எனக் கொள்வோம். 3-ஐ 3-ஆல் பெருக்கி, மீண்டும் 60-ஆல் பெருக்க 540 வருகிறது. வழக்கமான வரம்பாகிய 200-ஐ இது கடந்துவிட்டது. மாதவிடாய் நிற்காத இளம்பெண்ணுக்கு ஒரே தீக்குறியுடன் அதே 60 அளவு இருப்பின், 1-ஐ 1-ஆல் பெருக்கி 60-ஆல் பெருக்க 60 மட்டுமே வருகிறது. ஒரே குருதி அளவு இருவரிடம் இருவேறு பொருள் தருவதை இதனால் உணரலாம். கருப்பையின் உட்படலத் திசு பிற இடங்களில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயிலும் இப்புரதம் கூடும் என்பதால், அதனை மட்டும் கொண்டு அஞ்சுதல் கூடாது.

இம்முதல் வினாவுக்குரிய விடை, அறுவையின் வகையையே மாற்றிவிடும். தீங்கற்ற கட்டியைச் சிறு துளை வழியே எடுத்துவிடலாம். புற்றுநோய் ஐயம் உள்ள கட்டியோ உடையாமல் முழுமையாக வெளிவருதல் வேண்டும். முதல் நிலையில் உள்ள கட்டி அறுவையின்போது உடைந்து அதன் நீர் வயிற்றில் சிந்தினால், நோயின் உட்பிரிவு ஒரு படி உயர்ந்துவிடுகிறது. தேவைப்படாதிருந்த மருந்துச் சிகிச்சை தேவைப்படவும் கூடும். எனவே ஐயத்துக்குரிய தனிக் கட்டியை ஊசியால் குத்திப் பார்ப்பதும் தவிர்க்கப்படுகிறது. மகப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்ணுக்கு நோய் ஒரு சினைப்பையில் மட்டும் நின்றிருப்பின், மற்றொன்றையும் கருப்பையையும் காத்துக்கொள்ள இயலும். ஸ்கேனால் தெளிவுறாத கட்டிகளை ஆராய எம்.ஆர்.ஐ. சோதனை இங்குப் பெரிதும் துணைசெய்கிறது.

இரண்டாம் வினா: எங்கெங்குப் பரவியுள்ளது?

இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன், 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் இருந்த மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலைச் சுற்றிவரும் ஊடுகதிர்களின் அளவுகளைக் கணினி தொகுத்து, உடலைக் குறுக்கே வெட்டினாற்போன்ற படங்களாகத் தருகிறது. நீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் 1000 எனத் திசுக்களின் அடர்த்தியை எண்ணால் குறிக்கும் அலகு அவர் பெயராலேயே வழங்குகிறது.

சினைப்பைப் புற்றுநோயில் மார்பு முதல் இடுப்புவரை எடுக்கப்படும் சி.டி. படமே அறுவைத் திட்டத்தின் அடித்தளம். அயோடின் கலந்த மருந்தை நரம்பில் செலுத்திப் படம் எடுப்பர். அதற்கு முன்னர்ச் சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா எனக் குருதியில் சோதிப்பர். நலமான நிலையில் படத்தில் கருமையாகத் தோன்றும் கொழுப்புப் படலம், நோய் பற்றியதும் வெண்மை படர்ந்து, தோசைக்கல்லில் வார்த்த அடைபோல் தடித்துக் காணும்.

கதிர்ப்பட மருத்துவர் நோக்குவன பல. அவர் தரும் ஒவ்வொரு செய்தியும் அறுவை அரங்கில் ஓர் ஏற்பாடாக மாறுகிறது. மலக்குடலைக் கட்டி பற்றியிருப்பின், குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைக்க நேரலாம். சிலருக்குச் சிறிது காலம் வயிற்றின் புறத்தே மலப்பை பொருத்த வேண்டியும் வரும். இதனை நோயாளிக்கு முன்கூட்டியே கூறுதல் கடமை. மண்ணீரலை நோய் பற்றியிருப்பின், அதனை அகற்ற நேரலாம் எனக் கருதி நோய்த்தடுப்பு ஊசிகளை இரு வாரம் முன்னரே போட்டுவிடலாம். உதரவிதானத்திலும் கல்லீரல் மேற்பரப்பிலும் படிவுகள் இருப்பின், மேல்வயிற்று அறுவையில் தேர்ந்தவர் உடனிருக்க வேண்டும். சிறுநீர்க்குழாய் அழுத்தப்பட்டுச் சிறுநீரகம் வீங்கியிருப்பின் சிறுநீரக அறுவை மருத்துவரின் துணை தேவை. கால் சிரைகளிலும் நுரையீரல் நாளங்களிலும் குருதி உறைந்திருப்பது சில வேளைகளில் இப்படத்தில்தான் முதன்முதலாகத் தெரியவரும்; இந்நோயில் அவ்விடர் மிகுதி என்பதால் அதனைச் சீர்செய்யாமல் அறுவைக்குச் செல்வது ஆபத்து.

வயிற்றறையை 13 பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள நோயின் பருமனுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறையும் உண்டு. இதனை வகுத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர். மிகுந்த அளவு 39. 'நிறையப் பரவியுள்ளது' என்னும் தெளிவற்ற சொல்லுக்கு மாற்றாக, அனைவரும் ஒரே பொருளில் உணரும் எண் ஒன்று இதனால் கிடைக்கிறது.

எம்.ஆர்.ஐ. கருவியின் ஒரு முறை, திசுக்களுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தடையின்றி நகர்கின்றன என அளக்கிறது. புற்றுத்திசுவில் உயிரணுக்கள் நெருக்கமாகச் செறிந்திருப்பதால் நீரின் நகர்வு தடைப்பட்டு அவ்விடம் ஒளிர்ந்து தோன்றும். குடல் மேற்பரப்பிலும் குடல்தாங்கி மடிப்பிலும் உள்ள சிறு படிவுகளைக் காண இம்முறை சி.டி. படத்தைவிட உதவுகிறது என லூவன் மருத்துவர்கள் காட்டியுள்ளனர். கதிரியக்கம் கலந்த குளுக்கோசைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன், வயிற்றுக்கு வெளியே உள்ள நிணநீர் முடிச்சுகளையும் தொலைவுப் பரவலையும் அறியத் துணையாகிறது.

முடிச்சுகளைப் பற்றி ஒரு செய்தியை இங்குக் குறித்தல் தகும். முற்றிய நோயில் இடுப்பிலும் முதுகையொட்டியும் உள்ள நிணநீர் முடிச்சுகளை, அவை நலமாகத் தோன்றினும், முழுவதும் அகற்றும் வழக்கம் முன்னர் இருந்தது. 647 பெண்கள் பங்கேற்ற லயன் ஆய்வு, இயல்பாகத் தோன்றும் முடிச்சுகளை அகற்றுவதால் வாழ்நாள் கூடவில்லை, சிக்கல்களே கூடின என 2019-இல் தெரிவித்தது. எதனை எடுப்பது என்பதோடு எதனை விட்டுவைப்பது என்பதையும் திட்டம் உள்ளடக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாம் வினா: இப்போதா, பின்னரா?

பரவிய நோய்க்கு இரு வழிகள் உள்ளன. முதலில் அறுவை, பின்னர் மருந்து என்பது ஒன்று. முதலில் மூன்று சுற்று மருந்து செலுத்தி நோயைச் சுருக்கி, இடையில் அறுவை செய்து, எஞ்சிய சுற்றுகளைத் தொடர்வது மற்றொன்று. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலும், 2015-இல் வெளியான இங்கிலாந்தின் கோரஸ் ஆய்விலும் இரு வழியினரின் வாழ்நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. முன்னரே மருந்து பெற்றோருக்கு அறுவைச் சிக்கல்கள் குறைந்தன. தேர்ந்த அறுவை மையங்களில் மட்டும் நடத்தப்பட்ட ட்ரஸ்ட் ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. மொத்த வாழ்நாளில் உறுதியான வேறுபாடு நிறுவப்படவில்லை. எனினும் நோய் முற்றாதிருந்த காலம், முதலில் அறுவை பெற்றோருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆக, அனைவருக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. இன்னாருக்கு இன்ன வழி எனத் தேர்தலே மருத்துவம்.

அத்தேர்வில் படம் பெரும்பங்கு வகிக்கிறது. 2014-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்களை உள்ளிட்ட குழுவினர், அறுவையில் 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி எஞ்சக்கூடும் என முன்னறிவிக்கும் குறிகளைத் தொகுத்தனர். சிறுகுடலுக்குக் குருதி தரும் பெருந்தமனியின் அடிப்பகுதியில் படிவு, குடல்தாங்கி மடிப்பில் படிவு, சிறுகுடல் பரவலாகத் தடித்திருத்தல், சிறுநீரக நாளங்களுக்கு மேலுள்ள முடிச்சுகளின் வீக்கம் ஆகியவை அவற்றுட் சில. வயது, உடல்நிலை, சி.ஏ. 125 அளவு ஆகியவற்றையும் அவர்கள் சேர்த்தே எண்ணினர். குடலின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு மனிதர் வாழ இயலாது. எனவே குருதிக்குழாயின் வேரில் படிந்த நோய் கத்திக்கு எல்லையாகிறது.

மருந்தை முதலில் தொடங்குவதாயின், நோய் இன்னதெனத் திசுச் சோதனையால் உறுதிசெய்தல் இன்றியமையாதது. வயிற்றுக் காசநோயும் நீர் கோத்தல், கொழுப்புப் படலத் தடிப்பு, சி.ஏ. 125 உயர்வு ஆகிய அனைத்தையும் தோற்றுவித்துப் புற்றுநோய்போல் நடிக்க வல்லது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதனை மறத்தலாகாது. ஸ்கேனின் வழிகாட்டுதலுடன் ஊசி செலுத்தித் தடித்த படலத்திலிருந்து திசுவை எடுத்துச் சோதிப்பர். தனிக் கட்டியைக் குத்தலாகாது என மேலே கூறியதற்கு இது முரணன்று. அங்கே நோய் உறைக்குள் அடங்கியுள்ளது, இங்கே முன்னரே பரவிவிட்டது.

படத்தின் எல்லை

இத்துணைச் சிறப்புடைய படங்களும் முற்றறிவு உடையன அல்ல. 1 செ.மீ.க்குக் குறைவான படிவுகளைச் சி.டி. படம் பெரும்பாலும் காட்டத் தவறுகிறது. குடலின் மேற்பரப்பில் மணல் தூவினாற்போல் பரவிய நோய், படத்தில் ஏதுமின்றித் தோன்றலாம். மாறாக, படத்தில் அச்சுறுத்தும் நோய், தேர்ந்த கைகளில் முழுமையாக அகல்வதும் உண்டு. எனவே படத்தை மட்டும் கண்டு, 'அறுவைக்கு வழியில்லை' எனக் கைவிடுதல் பிழை. படம் தெளிவாக உள்ளது என்று முன்னேற்பாடின்றித் திறத்தலும் பிழை.

ஐயம் நிற்குமிடத்தில், சிறு துளை வழியே விளக்கும் கேமராவும் செலுத்தி நேரில் பார்க்கும் லேப்பரோஸ்கோப்பி முறை துணைவருகிறது. 2006-இல் இத்தாலிய மருத்துவர் அன்னா ஃபகோட்டி, அவ்வாறு காண்பவற்றை மதிப்பெண்ணாக்கும் முறையை வெளியிட்டார். நெதர்லாந்தில் 201 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் குறிப்பிடத்தக்கது. படங்களை மட்டும் நம்பி நேரே அறுவைக்குச் சென்றோருள் 100-க்கு 39 பேருக்கு 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி எஞ்சி, அறுவை வீணாயிற்று. முன்னர் லேப்பரோஸ்கோப்பி செய்யப்பட்டோரிடம் அது 100-க்கு 10 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு இருபத்தொன்பது பெண்கள் பயனற்ற பேரறுவையிலிருந்து தப்பினர் என்பது இதன் பொருள்.

கூட்டமர்வும் அறுவை அரங்கும்

படம் தானே பேசாது; அதனைப் பேசவைப்பவர் வேண்டும். அறுவை மருத்துவர், கதிர்ப்பட மருத்துவர், மருந்தியல் புற்றுநோய் மருத்துவர், திசு ஆய்வாளர், மயக்கவியல் மருத்துவர் ஆகியோர் ஒருங்கே அமர்ந்து, திரையில் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்து முடிவெடுக்கும் கூட்டமர்வே திட்டத்தின் பிறப்பிடம். எழுதிய அறிக்கையை மட்டும் படித்து அறுவைக்குச் செல்வதற்கும், படம் கண்டவரோடு உரையாடிச் செல்வதற்கும் வேறுபாடு மிகுதி. ஓரிடத்தில் இத்தகைய குழு இல்லையெனில், நோயாளியை அஃது உள்ள இடத்துக்கு அனுப்பிவைப்பதும் மருத்துவத் தொண்டே ஆகும். முதல் அறுவைக்குக் கிடைக்கும் வாய்ப்பு பின்னர் வருவதில்லை.

அறுவை மேசையிலும் இன்று படக்கலை உடன்வருகிறது. 2021 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாஃபோலாசியனின் என்னும் மருந்து அதற்குச் சான்று. இந்நோயின் உயிரணுக்கள் ஃபோலிக் அமிலத்தைப் பற்றும் ஏற்பிகளை மிகுதியாக உடையவை. அவற்றில் சென்று ஒட்டும் இம்மருந்தை அறுவைக்குச் சில மணிநேரம் முன்னர் நரம்பில் செலுத்துவர். அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியில், சிறப்புக் கேமராவுக்கு நோயுற்ற இடங்கள் ஒளிர்ந்து தோன்றும். கண்ணும் கையும் தவறவிட்ட படிவுகள், சோதிக்கப்பட்டோருள் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோரிடம் இம்முறையால் கண்டறியப்பட்டன. எனினும் ஒளிர்வன யாவும் புற்றுநோய் அல்ல. இங்கும் மருத்துவரின் தேர்ச்சியே இறுதியில் முடிவுசெய்கிறது.

முடிவுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கு கூறாக வகுக்கிறது. நோயாளியை முதற்கூறாக வைத்தமை எண்ணத்தக்கது. இன்றைய கருவிகள் மருத்துவரின் கண்ணைக் கூர்மையாக்கியுள்ளன. அக்கண் கண்டதை முதலில் அறிய வேண்டியவர் நோயாளியே. நம் வீடுகளில் ஸ்கேன் அறிக்கை தந்தையின் கையிலோ, கணவரின் கையிலோ, மகனின் கையிலோ தங்கிவிடுவதுண்டு. 'அவள் அறிந்தால் தாங்கமாட்டாள்' என்பது அன்பினால் எழும் சொல்லே. ஆயினும் மலப்பை பொருத்த நேருமா, கருப்பையைக் காக்க இயலுமா, அறுவை இப்போதா, மூன்று சுற்று மருந்துக்குப் பின்னரா என்பன அப்பெண்ணின் உடலையும் வாழ்வையும் பற்றிய வினாக்கள். அவரைப் புறத்தே நிறுத்திவிட்டு வகுக்கும் திட்டம் குறைவுடையதே.

எனவே குடும்பத்தார் மருத்துவரிடம் சில வினாக்களைத் தயங்காது கேட்டல் நன்று. நோய் எங்கெங்குள்ளது எனப் படம் காட்டுகிறது? முழுவதும் அகற்ற இயலும் எனக் கருதுகின்றீர்களா? இயலாதெனில் காரணம் யாது? இப்படத்தைக் கூட்டமர்வில் வைத்துப் பார்த்தீர்களா? இத்தகைய அறுவையில் பழகியவர் எவர்? நல்ல மருத்துவர் இவற்றுக்கு முகஞ்சுளியார்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்று உப்புசத்தையும் பசியின்மையையும் பெண்கள் வாய்திறந்து கூறவும், வீட்டார் செவிசாய்க்கவும் வேண்டும். படம் தீர்ப்பன்று, அது வழி காட்டும் வரைபடம். வரைபடம் எத்துணைத் தெளிவுடையதாயினும், பயணம் உரிய காலத்தில் தொடங்கினால்தான் ஊர் சேர இயலும்.